அம்மாவின் கால்விரல் புண்

செவ்வாய், இரவு

அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. இன்று காலை தில்லை நகர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு முட்டி மாற்று ஆபரேஷன் நடந்திருக்க வேண்டியது. புடவை மாற்றிவிடும்போதுதான் கால்விரல் இடுக்கில் புண்ணைப் பார்த்தேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிய வேண்டுமென்று, முட்டி வலியோடு வெறுங்காலில் கோயில் பிரகாரம் சுற்றியதில் கல் கிழித்திருக்கிறது. "மூச்சு விடாதே" என்றாள். நான் டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அவர் ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டார்.

அம்மா அவரையும் விடவில்லை. "நரம்புல ஆன்டிபயாடிக் ஏத்தறேள். புது முட்டியை ஒட்டற சிமெண்ட்லயும் கலக்கறோம்னு நீங்கதானே சொன்னேள்? அப்புறம் என்ன பயம்?"

"அதெல்லாம் நம்ம கண்ணுக்குத் தெரியாம வர்ற கிருமிக்கும்மா. தெரிஞ்சே புண்ணோட நான் கத்தி வைக்க மாட்டேன். உள்ள சீழ் பிடிச்சா வச்ச முட்டியையே கழட்டணும். ஆறட்டும், அப்புறம் வாங்க."

ஆட்டோ காவிரிப் பாலம் தாண்டும்வரை அழுதாள். நான் செய்தது சரிதான். ஆனாலும் இப்போது பக்கத்து அறையில் அவள் முனகுவது கேட்கிறது. ஒருவேளை அந்த மருந்தே போதுமாக இருந்திருந்தால்...

ராத்திரி என் காதில் விழும்படி அப்பாவிடம் சொன்னாள். "பெருமாளுக்கு இன்னும் மனசு வரலை. விடிஞ்சதும் போய் மறுபடியும் சுத்தணும்."

வாசல் கதவைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். அப்பாவிடம் இன்னொரு சாவி இருப்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.