ஓமத்தண்ணி வடித்த கதை

மார்ச் 3, செவ்வாய்

கடை கைவிட்டுப் போயிற்று. சகலன் சிறீ, மனிசியின் தங்கச்சி புருசன், கடை லீஸை இந்த முறையும் தன் பேரிலேயே புதுப்பித்துவிட்டான். பதினாறு வருசம் இரண்டு பேரும் தோள் கொடுத்து நடத்திய பலசரக்குக் கடை. பிழை என்னிலும் உண்டு. நான் சுவிஸிலிருந்து வந்த புதிதில் இங்கே பாங்க் கணக்குக்கூட இல்லை, அதால் பத்திரம் எல்லாம் அவன் பேரில். பிறகு மாற்றுவோம் என்றான். நானும் பிறகு, பிறகு என்று விட்டேன். யாவாரி என்று சொல்லித் திரிகிறேன், வெட்கம்.

வெளியே நல்ல வெயில், குளிர் போகவில்லை. சாவியை மேசையில் வைத்தேன். "அண்ணை, நீங்கள் எப்பவும் வந்து நிக்கலாம், ஷிப்ட் தாறன்" என்றான்.

ஷிப்ட். எனக்கு.

மார்ச் 4, புதன்

விடிய ஐந்துக்கே எழும்பிவிட்டேன், போக இடமில்லாமல். யோசனை.

அரிசி பருப்பு இங்கே குட்மேய்ஸில் ஆரும் விற்பான். ஓமத்தண்ணி அப்படி இல்லை. பிள்ளை பெற்ற வீடு, வயிறு ஊதின கிழவன், எல்லாரும் கேட்கும் சாமான். கப்பலில் வருவது ஒரு மாதம் இருக்கும், இரண்டு மாதம் இராது. வந்தாலும் மூடி திறந்தால் பாதி மணம்தான். இங்கேயே வடித்துக் கொடுத்தால்? என் பேர் போட்டு. பதினாறு வருசத்தில் என் பேர் எழுதின சாமான் ஒன்று விற்கவில்லை நான். போர்டில் அவன், பில்லில் அவன், கோயில் உபயக் கலண்டரிலும் அவன். சாகமுன் ஒரு போத்திலிலாவது இருக்க வேண்டும்.

செம்பு வடிகலன் இணையத்தில் பார்த்தேன். வடிவாக இருக்கிறது, பூசை அறையில் வைக்கலாம். அந்த விலைக்கு வேண்டாம். நாங்களே கட்டுவது.

- பெரிய பிரஷர் குக்கர், சில்வர். பழைய சாமான் விற்கும் சரிட்டி ஷொப்பில் ஆறு பவுண். விசில் இல்லை என்று கடைக்காரி குறைத்துத் தந்தாள். எனக்கு விசில் வேண்டாம், அந்த ஓட்டைதான் வேணும் என்று சொல்லவில்லை.
- செம்புக் குழாய், ஹீட்டிங்குக்குப் போடும் மெல்லியது. நோர்வே ரவியிடம் மிச்சத் துண்டு இருக்கும்.
- குக்கரையும் குழாயையும் பொருத்த சிலிக்கன் ரியூப், ஒரு அடி.
- பழைய ஊறுகாய் வாளி. உள்ளது.

சாப்பாட்டுச் சாமான் செய்து விற்க நகர கவுன்சிலில் பதிய வேண்டும். ஒன்லைன், காசில்லை. லேபிளில் மருந்து என்று எழுதக்கூடாது, நினைவில் வை.

மார்ச் 7, சனி

நோர்வே ரவி வந்தான். பிளம்பர். பன்னிரண்டு வருசம் நோர்வேயில் இருந்ததால் அந்தப் பேர். குழாய்க்குள் மேசை உப்பை இறுக்கி நிரப்பி, பெயின்ற் தகரத்தைச் சுற்றி வளைத்தான். உப்பு இல்லாவிட்டால் குழாய் மடிந்து நசிந்துவிடுமாம். ஆறு சுற்று. பிறகு சுடுதண்ணி விட்டு உப்பைக் கழுவினோம். சுருளை வாளிக்குள் இறக்கி, வாளியின் அடியில் துளை போட்டுக் குழாய் நுனியை வெளியே எடுத்தான். தோட்டத்துக் குழாயிலிருந்து பச்சைத் தண்ணி அடியால் ஏறி மேலால் வழியும். ஆவி மேலால் வந்து அடியால் சொட்டும். வேறொன்றும் இல்லை.

கூலி கேட்டேன். "காசு வேண்டாம் அண்ணை, முதல் போத்தில் தந்தாக் காணும்" என்றான்.

ஓமத்தண்ணியடா இது என்றேன்.

"ஓம்."

"ஓம் இல்லை. ஓமம்."

"ஓமோம், விளங்குது."

விளங்கவில்லை அவனுக்கு. கண்ணைச் சிமிட்டினான்.

குக்கரின் ரப்பர் வளையம் வெடித்துப்போயிருக்கிறது. புதிதின் விலை குக்கர் விலை. மனிசி கோதுமை மாவைக் குழைத்து மூடியைச் சுற்றி அப்பினாள், கொதிக்கவைத்துப் பார்த்தோம், ஒரு பொட்டு ஆவி வெளியே வரவில்லை. ரவி அவளைப் பார்த்து, அக்கா கை பழகின கைபோல என்றான். அவள் தேத்தண்ணி ஊற்றாமல் உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 8, ஞாயிறு

காலை: வினாகிரி கலந்த தண்ணி ஒரு தரம், வெறும் தண்ணி ஒரு தரம். இரண்டையும் வெளியே ஊற்றியாயிற்று. புதுச் செம்பு, அழுக்கு போக வேண்டும்.

மத்தியானம்: ஓமம் அரைக் கிலோ, நேரே தண்ணிக்குள். அடிப்பிடித்தது. வந்த தண்ணி தீய்ந்த மணம். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, சமையலா என்று கேட்டாள். ஓம் என்றேன்.

பின்னேரம்: யோசனை வந்தது. ஓமம் தண்ணியில் கிடக்கத் தேவையில்லை, ஆவி அதுக்குள்ளால் போனால் சரி. இடியப்பத் தட்டு. "என்ரை தட்டைத் தொடாதேங்கோ" என்றாள் மனிசி. தொட்டேன்.

ஓமத்தை ஒன்றிரண்டாக இடித்து, துணியில் பரப்பி, தட்டில் வைத்து, கீழே தண்ணி. நெருப்பு மெல்லிசு. குழாய் அடைத்தால் குக்கர் குண்டு, அதால் பக்கத்தை விட்டு அசையவில்லை. முக்கால் மணித்தியாலத்தில் முதல் சொட்டு. மேலே மெல்லிய எண்ணெய்ப் படை. நாக்கில் வைத்தேன், மூக்கு வரை ஏறியது.

மனிசி மணந்து பார்த்தாள். தட்டைத் திருப்பிக் கேட்கவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

மூன்று போத்தில் பையில் வைத்துக்கொண்டு சட்டனுக்கு ரயில் ஏறினேன். பத்மா அக்கா, மலேசியாக்காரி. படிக்க வந்து, கணக்காளராக இருந்து, இப்போது சொந்தப் பலசரக்குக் கடை. ஒரே மொத்தக்காரனிடம் எங்கள் கடையும் அவள் கடையும் சாமான் எடுப்பதால் பழக்கம். கவுன்சில் பதிவைக் கேட்டாள், போனில் காட்டினேன். கடைவாசலிலேயே ஒரு மூடி குடித்தாள். கண் கலங்கியது.

"ஆமாங்க, இதுதான் ஓம வாட்டர். மத்ததெல்லாம் வெறும் தண்ணி. உங்க பேர் போட்டே கொண்டாங்க, கல்லா பக்கத்துல வைக்கிறேன்."

என் பேர் போட்டே.

இல்போர்டில் இறங்கி பஸ் ஏறினதும் மனிசிக்குப் போன். சந்தோசத்தில் குரல் உயர்ந்துவிட்டது. என்ன கத்தினேன் என்று பிறகு நினைத்துப் பார்த்தது: "நாளைக்கும் வடிக்கோணும். முதல் வந்ததை ஊத்திப்போட்டன், ஞாயிறு பின்னேரம் வடிச்சதுதான் சரக்கு, நாக்கு எரியுது. சட்டன்காரி எவ்வளவு குடுத்தாலும் எடுப்பா."

சுவிஸில் பத்து வருசம் ரயிலில் இப்படித்தான். தமிழில் கதைத்தால் ஒரு சனத்துக்கும் விளங்காது, வாய் அப்படிப் பழகிவிட்டது. இது குட்மேய்ஸ் பஸ். பாதிப் பேர் எங்கட சனம். இறங்கும்போதுதான் பார்த்தேன், முன் சீட்டில் இரண்டு பொம்பிளைகள் கதையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தபடி.

மார்ச் 13, வெள்ளி

மழை. மனிசி கோயிலுக்குப் போனவள் பூசை முடியமுன் வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றாமல் நின்றே சொன்னாள்.

"நீங்கள் கசிப்பு வடிக்கிறியளாம். நான் மா அப்பிக் குடுக்கிறனாம்."

மா அப்பின கதை ரவி வாயால் போயிருக்கும். மிச்சம் பஸ். கள்ளச்சாராயம் வடிக்கிறவன் பஸ்ஸில் கத்துவானா என்று ஒருவனும் யோசிக்கவில்லை. மூன்று பேர் போன். இரண்டு பேர் மரியாதையாக ஒரு போத்தில் கிடைக்குமா என்று. ஓமத்தண்ணி என்றால் சிரிக்கிறான்கள், விலையைக் கூட்டிக் கேட்கிறான்கள். மூன்றாவது பத்மா அக்கா.

அவள் நம்பவில்லையாம். ஆனால் அவள் கடையில் வைன், பியர் விற்க லைசன்ஸ் இருக்கிறது, இப்படி ஒரு கதை கவுன்சில் காதில் விழுந்தால் அது போய்விடும். ஆறு மாசம் போகட்டும் என்றாள். ஆர் சொன்னது என்று கேட்டேன். "உங்க சகலைதாங்க. உங்க நல்லதுக்குன்னு சொன்னாரு" என்றாள்.

மார்ச் 15, ஞாயிறு

ஒளித்தால் மெய்யாகிவிடும் என்று நினைத்து, ஒரு போத்திலைக் கோயில் மண்டபத்துக்குக் கொண்டுபோனேன். சாப்பாட்டு வரிசையில் எல்லாருக்கும் முன்னால் திறந்தேன். மணந்து பாருங்கோ என்றேன். நாலைந்து பேர் மணந்தார்கள்.

ஒரு ஆள், நான் பதினாறு வருசம் அரிசி தூக்கிக் காரில் ஏற்றிக் கொடுத்த ஆள், பக்கத்திலிருந்தவரிடம்: "கெட்டிக்காரன். மணம் மறைக்க ஓமம் போட்டிருக்கிறான்."

சிரிப்பு. பிறகு பாயாசம் வந்தது. நான் குடிக்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

சிறீ வந்தான், வீட்டுக்கு. பின்னுக்குக் கொட்டிலில் கலனைப் பார்த்தான், வாளியைத் தட்டினான், கடையில் புதுச் சாமான் பார்க்கிறவன்போல. ஒரு மூடி குடித்தான்.

"நல்ல சாமான் அண்ணை. நான் அந்தக் கதையை நம்பேல்லை."

நம்பாதவன் சட்டனுக்கு ஏன் போன் எடுத்தாய் என்று கேட்டேன். முகம் மாறவில்லை. பத்மா அக்கா பிறகு எங்களைக் குறை சொல்லக்கூடாது என்றுதானாம். பிறகு கடைக் கதைக்கு வந்தான். கப்பல் சாமான் இன்னும் வரவில்லையாம், சனம் வந்து ஓமத்தண்ணி ஓமத்தண்ணி என்று கேட்குதாம். எல்லாவற்றையும் தானே எடுப்பானாம். லேபிள் மட்டும் கடை லேபிள்.

என் பேர் போட வேண்டும் என்றேன்.

"உங்கட பேரைப் போட்டால் இப்ப ஆர் அண்ணை வாங்குவினம்?"

ஆத்திரம் தலைக்கு ஏறியது. ஆனால் அவன் சொன்னது யாவாரத்தில் சரி, அதுதான் தாங்கேலாமல் இருந்தது. ஒரு சாமானின் விலையை விழுத்திவிட்டு வாங்குவது, அவனுக்கு அதைப் பழக்கினதே நான்தான், மொத்தக்காரர்களோடு. மனிசி குசினிக் கதவடியில். அவளைப் பார்த்தேன். அவனைத் துரத்தச் சொல்லவில்லை, விற்கச் சொல்லவும் இல்லை. வீட்டு வாடகை முதலாம் திகதி என்று மட்டும் சொன்னாள்.

அவன் போத்திலுக்கு ஒன்றரைப் பவுண் என்றான். நான் இரண்டரை. அரை மணித்தியாலம்.

முடிந்தது: கிழமைக்கு நாற்பது போத்தில், ஒன்று ஒரு பவுண் எண்பது. போத்திலும் மூடியும் என் செலவு. வியாழக்கிழமை பின்வாசலால் கொண்டுபோய்க் கொடுப்பது. லேபிளில் சிறீ பேர். கவுன்சில் பதிவு என் பேரிலேயே இருக்கும், ஏதும் பிழைத்தால் பதில் சொல்ல.