மேலே நிற்கும் மிதி

மார்ச் 4
இறைச்சிக்கடைக்காரர் மறுபடி வந்தார். "அக்கா, கத்தியெல்லாம் மழுங்கிப் போச்சு. வெட்டச் சொன்னா தடவிக் கொடுக்குது."
எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வீட்டுக்காரர் தவறிப்போனதிலிருந்து அவருடைய சாணை மெஷின் கூடத்து மூலையில் அப்படியே நிற்கிறது.

மார்ச் 5
தூசி துடைத்தேன். மிதியை மேலும் கீழும் மிதித்தால் கம்பி தள்ளி, சாணைக்கல் சுற்றும். ஆனால் கம்பி நேர் உச்சியில் நின்றால் என்ன மிதித்தாலும் அசையாது. அதனால் அவர் மிதியை உச்சிக்குச் சற்றுத் தாண்டி நிறுத்தி, அடியில் ஒரு கட்டை கொடுத்துவிட்டுத்தான் படுப்பார். காலையில் கால் வைத்ததும் சுற்றணுமாம்.
கட்டையை எடுத்தேன். மிதி கீழே இறங்கிவிட்டது.

மார்ச் 6
மிதி மேலே நிற்கிறது. அடியில் கட்டை.

மார்ச் 8
நேற்று கட்டையை நானே அடுப்படியில் கொண்டுபோய் வைத்தேன். இன்றைக்கும் மிதி மேலேதான்.
நீங்களா? நீங்கதான்னா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

மார்ச் 9
அண்ணன் வந்தார். "செத்தவன் சாமானக் கட்டிக்கிட்டு நீயும் ஏம்மா சாகுற? ஞாயித்துக்கிழமை ஆளோட வந்து தூக்கிட்டுப் போறேன்."
சரி என்றேன். மிதி தானாக ஏறுவதை அண்ணனிடமும் சொல்லவில்லை, வீட்டில் மாமியாரிடமும் சொல்லவில்லை. பைத்தியம் என்பார்கள்.
மெஷின் போய்விட்டால் அப்புறம் அவர் எங்கே வருவார்?

மார்ச் 11
குளித்துவிட்டு வந்தேன். மாமியார் தரையில் உட்கார்ந்து கல்லைத் திருப்பிக் கட்டையைச் சொருகிக்கொண்டிருந்தார்.
"என்ன அத்தை பண்றீங்க?"
"மிதி கீழ கிடந்தா எப்படி வேல செய்யிறது?"
"யாரு செய்யப் போறா? அவர்தான் இல்லையே."
"பெத்தவளுக்கு அது தெரியாதா? உன் காலுக்குத்தான் வைக்கிறேன். நீதான் கால வைக்க மாட்டேங்குற."
அப்போ அவர் வரவே இல்ல. ஒரு நாள்கூட வரல.
சாயங்காலம் வரை எழுந்திருக்க முடியவில்லை.

மார்ச் 13, ஞாயிறு
மெஷினைத் தர மாட்டேன் என்றேன். "உன் தலையெழுத்து," என்று அண்ணன் கிளம்பினார். கூட வந்த ஆளுக்குக் காபி கொடுத்த அத்தை, அண்ணனுக்குக் கொடுக்கவில்லை.

ஏப்ரல் 2
இறைச்சிக்கடைக் கத்திகளை மிதித்துத் தீட்டி முழங்கால் வலி. மிதி தப்பினால் கல் பின்பக்கமாகச் சுற்றும்; இன்றைக்கு ஒரே ஒரு தடவைதான் அப்படிச் சுற்றியது. சுற்றுகிற சத்தத்தில் முதுகுக்குப் பின்னால் அவர் நிற்கிற மாதிரியே இருக்கிறது. நான் திரும்பிப் பார்ப்பதில்லை. திரும்பினால் கத்தி நழுவிவிடும்.