இந்தா வாரேங்க

ஹரிணி கண்ணு,

போனில் பேசினால் கட்டிலில் படுத்திருக்கும் அப்பா காதில் விழும். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ பிடிவாதமாகச் சேர்த்துவிட்ட கீரனூர் யோகா வகுப்புக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். அந்த நேரத்துக்கு எதிர்வீட்டு சுகுணா அப்பாவோடு இருக்கிறாள். முழங்கால் மடங்குகிறது, முதுகும் நிமிர்கிறது. உடம்பு அடங்கினால்தான் மனசு தியானத்தில் உட்காருமாம். எனக்கு உடம்பு அடங்கிவிட்டது. காதுதான் அடங்கவில்லை.

நேற்று எல்லோரும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தோம். பின்னால் ஒரு அம்மா இருமினார். "இந்தா வாரேங்க" என்று நான் எழுந்து வாசல்வரை ஓடிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "வீட்ல யாருக்கும்மா முடியல?" என்று கேட்டார். பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்பா விழுந்ததிலிருந்து உனக்கு லீவு கிடைக்கவில்லை. நான் குறை சொல்லவில்லை.

தீபாவளிக்குப் புடவை எதுவும் அனுப்பாதே. நீ வா. அவர் இருமும்போது ஒரே ஒரு தடவை, "இந்தா வாரேன்ப்பா" என்று நீ சொல். நான் அடுத்த அறையில் கண்ணைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன்.

உன் அம்மா