வால்வுக் கைப்பிடியும் ஒற்றை மூக்கு மீனும்

மாப்ள,

ஊருக்குப் பெட்டி கட்டுகிறேன். துணிகளுக்கு நடுவே அந்த இரும்புக் கைப்பிடியை வைத்ததும் துருவும் பாசியும் கலந்த வாடை ரூம் முழுக்க அடித்தது. நீ போய் இரண்டு வருடமாகியும் அந்த வாடை உன்னைக் கட்டிலில் கொண்டுவந்து உட்கார வைக்கிறது.

அமீரகத்தில், புஜைராவுக்கு வெளியே இந்தப் பேரீச்சைத் தோட்டத்தில் பம்பு உன் டூட்டி, மீன் தொட்டி என் டூட்டி. ஒருநாள் ஒரு மீன் தொண்டை வீங்கி, தீனியைத் தொடாமல் மூலையில் ஒதுங்கி நின்றது. படம் பிடித்துப் போனில் தேடினேன். அமெரிக்காவில் குளம் குட்டையெல்லாம் கிடைக்கும் சன்ஃபிஷ் என்றது போன். தொண்டை வீங்கினால் தொற்றுநோய் என்றும் ஏதோ படித்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நேராகச் சூப்பர்வைசரிடம் ஓடினேன். அந்த அவசரக்குடுக்கைத்தனத்துக்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

"கலாஸ். டேங்க் காலி கரோ, பிளீச்சிங் டாலோ" என்று, தொட்டியை வடித்துப் பிளீச்சிங் பவுடர் கொட்டச் சொன்னார் அவர். அத்தனை மீனும் அன்றே செத்திருக்கும்.

நீ வந்தாய். வலையில் வேறொரு மீனை அள்ளி, என் போனைப் பிடுங்கிப் படத்தைப் பெரிதாக்கினாய். "இங்க பாரு. உன் அமெரிக்காக்காரனுக்கு ஒரு பக்கத்துக்கு ரெண்டு மூக்கு ஓட்டை. செவுள் ஓரத்துல கறுப்பா காது மாதிரி மடல். இதுக்கு மூக்கு ஒண்ணுதான், காதே இல்ல. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை செதில் சுரண்டுறோம், ஜிலேபி கெண்டையத் தெரியலையாடா உனக்கு?"

பிறகு மூலையில் நின்றவளைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாய். "அவளுக்கு நோயில்ல மாப்ள. வாய்க்குள்ள முட்டை வச்சிருக்கா. அதான் பட்டினி கெடக்கா."

சூப்பர்வைசர் நம்பவில்லை. யாரும் தண்ணீரைத் திறந்துவிடாதபடி நீ தொட்டியின் வடிகால் வால்விலிருந்து கைப்பிடியைக் கழற்றி உன் சாப்பாட்டுத் தூக்கில் போட்டு மூடினாய். "பாய், தீன் தின் ருக்கோ, மூணே நாள். நோயின்னா என் லீவு கேன்சல்" என்றாய். ஊரில் உன் மனைவிக்கு ஒன்பதாம் மாதம். "பைத்தியமாடா நீ?" என்று கத்தினேன். நீ சிரித்தாய்.

இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் காலை அவள் வாயைத் திறந்தாள். கடுகுக் கண்களோடு குஞ்சுகள் கூட்டமாக வெளியே வந்தன. எட்டிப் பார்த்த சூப்பர்வைசரின் நிழல் தண்ணீரில் விழுந்ததுதான் தாமதம், அத்தனையும் திரும்ப அவள் வாய்க்குள் ஓடி ஒளிந்தன. "மாஷா அல்லாஹ்" என்று அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ரசம் மணக்கும் கைப்பிடியை வால்வில் மாட்டிவிட்டு, நீயே பெற்றெடுத்த மாதிரி ஒரு நடை நடந்தாயே! சொன்ன தேதியில் விமானம் ஏறினாய். மகளைப் பிறந்த அன்றே கையில் வாங்கினாய்.

அடுத்த லீவில் போன உன்னை மாரடைப்பு கொண்டுபோனது. கடைசியாக முகம் பார்க்க எனக்கு லீவு கிடைக்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

போன வாரம் புது சூப்பர்வைசர் போனில் அதே அமெரிக்க மீன் படத்தைக் காட்டினார். தொட்டியில் இன்னொரு மீனுக்கு அதே வீங்கிய தொண்டை, அதே பிளீச்சிங் பேச்சு. நான் கைப்பிடியைக் கழற்றினேன். "சார், ஜிலேபிதான். மூக்கை எண்ணிப் பாருங்க. நோயா இருந்தா என் லீவு கேன்சல்" என்றேன். நான்காம் நாள் குஞ்சுகள் வந்தன மாப்ள! தொட்டிக்கரையில் நின்று உன் பெயரைச் சொல்லிக் கூவினேன். தோட்டமே திரும்பிப் பார்த்தது.

அந்த வால்வைப் புதிதாக மாற்றிவிட்டார்கள். பழைய கைப்பிடியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நாளை விமானம். "மாமா, எனக்கு என்ன கொண்டு வர்றீங்க?" என்று உன் மகள் போனில் கேட்டாள். பொம்மையும் வாங்கியிருக்கிறேன். ஆனால் முதலில் இதை அவள் கையில் கொடுப்பேன். "நீ பிறந்த அன்று உன் அப்பா உன் பக்கத்தில் இருந்தது, இதைக் கழற்றிக் கட்டிய பந்தயத்தில் ஜெயித்துத்தான்" என்று சொல்வேன்.