கார் நின்ற இடங்கள்

என் அருமை மாப்பிள்ளை சம்பத்துக்கு,

உன் மச்சான் ஏழுமலை எழுதுகிறேன். என் கையாலேயே எழுதுகிறேன், நம்பு. அறுபத்தொன்பது வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். சாயங்காலத்தில் நம் தெருப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. இப்போதெல்லாம் பஸ் வந்தால் யாரையும் கேட்பதில்லை, போர்டைப் பார்த்து நானே ஏறுகிறேன். ஒருநாள் ஏற வேண்டிய பஸ்ஸை வேண்டுமென்றே விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸின் போர்டையும் படித்துப் பார்த்தேன். அவ்வளவு ஆசை எனக்கு.

ஒரு பக்கம் எழுத இரண்டு நாள் ஆகிறது. எழுத உட்காரும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. எழுதியதைப் படித்துப் பார்த்தால்தான் வாய் கசக்கிறது.

நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது. உன் மனைவி தனம் இன்னும் என்னோடு பேசுவதில்லை. கூடப் பிறந்த அண்ணன் நான் எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுகிறாள். போகட்டும். அவள் செய்வது நியாயம்தான்.

நான் ஓட்டிய பட்டு முதலாளியின் வெள்ளைக் காரைச் சொல்கிறேன். உனக்கு மறந்திருக்காது. ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று உயிர் போன மாதிரி நின்றுவிடும். ஹாரன் இல்லை, லைட் இல்லை, இன்ஜின் இல்லை. நாலு பேர் ஓரமாகத் தள்ளிவிட்டுச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். உன் மெக்கானிக் கடைக்குக் கொண்டுவந்தால் நாள் முழுக்க நிற்காமல் ஓடும்.

அன்றைக்கு நீ சொன்னது வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "இதோ பாரு மச்சான், எப்பவும் இருக்கற ஃபால்ட்டை அரை மணில பிடிச்சிடுவேன். வந்து வந்து போறது திருட்டுப் பய மாதிரி, மெக்கானிக்கைப் பார்த்தா நல்லவனா நிக்கும். நீதான் என் கண்ணு. எங்க நின்னுது, என்னா பண்ணிகினு இருந்தே, லைட்டு போட்டிருந்தியா, லோடு இருந்துதா, எல்லாத்தையும் இதுல எழுதிகினு வா." ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் கொடுத்தாய்.

நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவன் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். தனத்துக்கு உண்மை தெரியும். கட்டிக்கொண்டவரிடம்கூட அண்ணன் மானத்தை விட்டுக்கொடுக்காமல் ஆமாம் போட்டாள். எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். அதையும் படம் மாதிரி வரையத்தான் தெரியும்.

ஒரு மாதம் கழித்து நோட்டைக் கேட்டாய்.

"மழையில நனைஞ்சிட்டுது மாப்ள. எழுதினது எல்லாம் கரைஞ்சி போச்சு."

"அப்ப மழையிலதான் வண்டி நிக்குதா?"

"ஆமா."

"நல்லா யோசிச்சி சொல்லு மச்சான்."

"மழையிலதான்றேன் இல்ல."

அவ்வளவுதான். ஒரு பொய்யை மூட இன்னொரு பொய். அதன் பிறகு இரண்டு மாதம் நீ ஈரத்தைத் தேடினாய். பானெட்டைத் திறந்து ஒவ்வொரு ஒயராகத் துடைத்தாய், டேப் சுற்றினாய். மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். வந்ததும் வேலூர் ரோட்டில் நேராக ஓட்டிக்கொண்டு போனாய். நிற்கவில்லை. மழை இல்லாத நாளில் மக்கில் தண்ணீர் மொண்டு இன்ஜின்மேல் ஊற்றி, "நில்லுடி கண்ணு, ஒரு தடவை நில்லு" என்று கெஞ்சினாய். எதிர் டீக்கடைக்காரன், "இன்னா சம்பத்து, தினம் குளிப்பாட்டற, காரைக் கட்டிக் கொடுக்கப் போறியா?" என்றான். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.

எப்படி மாப்பிள்ளை எனக்குச் சிரிப்பு வந்தது?

கடைசியாக, தீப்பொறிக்குக் கரண்ட் கொடுக்கிற காயில் மேல் உனக்குச் சந்தேகம் வந்தது. முதலாளி வண்டியின் காயிலைக் கழற்றிவிட்டு, நன்றாக ஓடுகிற வேறொரு வண்டியின் காயிலைச் சோதனைக்கு மாட்டினாய். "வண்டியோடது துணியில சுத்தி மேல் தட்டுல இருக்கு மச்சான். ஃபால்ட்டு தெரிஞ்சதும் திருப்பி மாட்டிடறேன்" என்று என்னிடம்தான் சொன்னாய். வேறு யாருக்கும் தெரியாது.

அதற்குள் முதலாளி பொறுமை இழந்து வண்டியை வெளியூர் ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோனார். அவர்களாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. காயில் மட்டும் பழசு, இந்த வண்டியோடது இல்லை என்றார்கள். மறுநாள் முதலாளி உன் கடை வாசலில் வந்து கத்தினார். கூட்டம் கூடியது. நீ பதறாமல் மேல் தட்டிலிருந்து துணிச் சுற்றை எடுத்துப் பானெட்மேல் வைத்தாய்.

"மாட்டிக்கினதும் எடுத்துக் கொடுக்கறியா?" என்றார் அவர். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "ஏழுமல, நீ கூடவே இருந்தவன். டெஸ்ட்டுக்குன்னு சொல்லித்தான் மாத்தினானா?"

நீ என்னைப் பார்த்தாய். நான் ஆமாம் என்றால் பேச்சு வளரும். நோட்டு வெளியே வரும், மழை வெளியே வரும், என் படிப்பும் வெளியே வரும். அந்த வேலையை விட்டால் எனக்கு வேறு வேலை இல்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றேன்.

அதன் பிறகு உன் கடைக்கு யார் வந்தார்கள்? சாமானை மாற்றிவிடுவான் என்று ஊரே சொன்னது. நீ ஷட்டரை இறக்கிவிட்டு செய்யார் கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்குப் போனாய். காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பாய். நான் காரில் உன்னைக் கடந்து போவேன். ஒருநாள் அந்த வேலையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. உன் சாவு வீட்டில் தனம் என் சட்டையைப் பிடித்து ஒன்றே ஒன்று கேட்டாள். "அஞ்சாவது படிச்சவன்னு பொய் சொல்லி உன்னைக் காப்பாத்தினேனே, ஒரு நிஜத்தைச் சொல்லி அவரைக் காப்பாத்தினியா?"

உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஒவ்வொரு ஒயரையும் இரண்டு தடவை சோதித்தாயே, என் வார்த்தையை மட்டும் ஏன் ஒரு தடவைகூடச் சோதிக்கவில்லை? மச்சான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாயா?

இனிமேல்தான் நான் சொல்ல வந்த சேதி. போன மாதம் டீச்சர், "உங்களுக்குத் தெரிஞ்ச இடங்களோட பேரா எழுதுங்க தாத்தா" என்றார். எனக்கு அந்தக் கார் நின்ற இடங்கள்தான் கைக்கு வந்தன. தேவிகாபுரம் திருப்பம். சந்தவாசல் கூட்டுரோடு. செய்யார் கம்பெனி கேட். முதலாளி வீட்டுச் சந்து முனை. ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டுப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன் மாப்பிள்ளை. நாலும் திருப்பம். நாலிலும் ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுக்க ஒடித்துத்தான் திரும்ப வேண்டும்.

கார் இப்போது முதலாளியின் பவர்லூம் ஷெட்டுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடக்கிறது. ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக்கொண்டு போய் ஸ்டியரிங் தண்டின்மேல் இருக்கிற மூடியைக் கழற்றினேன். உள்ளே முழுக்க ஜரிகை.

ஆயுத பூஜைக்கு முதலாளி வீட்டில் கழிவு ஜரிகையைக் கயிறாக முறுக்கித் தறிக்குக் கட்டுவார்கள், கார் ஸ்டியரிங்குக்கும் கட்டுவார்கள். பழைய கயிற்றை அவிழ்க்கக் கூடாது, லட்சுமி போய்விடுவாள் என்று வீட்டம்மா கண்டிப்பாகச் சொல்லுவார். அதனால் புதுசைக் கட்டிவிட்டு, தொங்குகிற பழைய நுனிகளை அந்த மூடியின் இடுக்கில் நான்தான் ஒவ்வொரு வருஷமும் திணித்தேன். அது உள்ளே போய்த் தண்டிலும் சாவிக்குப் போகிற ஒயர் பிளக்கிலும் சேர்த்துச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தேன். கயிறு விறைத்தது. பிளக் ஒரு நகக்கண் அளவு வெளியே வந்தது. அது விலகினால் வண்டி முழுக்கக் கரண்ட் போய்விடும். நேராக்கினேன். உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

இவ்வளவுதான் மாப்பிள்ளை. அந்த நோட்டில் நாலு இடத்துப் பேர் இருந்திருந்தால், நீ ஒரு நாளில் பிடித்திருப்பாய்.

முதலாளியைக் கூட்டிவந்து காட்டினேன். குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, "பூஜைக் கயித்தால வண்டி நின்னுதுன்னு வெளிய பேசிகினு இருக்காத. வீட்ல சங்கடப்படுவாங்க" என்றார்.

"சம்பத்து பேரு கெட்டுதுங்களே."

"போனவனுக்குப் பேரு எதுக்கு ஏழுமல? போய் வேலையப் பாரு."

எனக்கு இப்போது பார்க்க வேலை எதுவும் இல்லை என்பதுகூட அவருக்கு நினைவில்லை.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பலாமா என்று டீச்சர் கேட்டார். அனுப்புங்கள் என்றேன். ஆனால் முதலில் தனம் கேட்க வேண்டும். அவள் பத்து நாளாகச் சந்தவாசலில் மகள் வீட்டில் இருக்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறேன். உள்ளே கூப்பிட மாட்டாள். வாசலில் நின்றே படிப்பேன். கதவைச் சாத்தினால், கதவுக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி சத்தமாகப் படிப்பேன். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன், முடிக்க வெகுநேரம் ஆகும். அக்கம்பக்கத்தார் கூடுவார்கள். கூடட்டும். நாலு பேர் முன்னால்தான் தெரியாது என்றேன். நாலு பேர் முன்னால்தான் தெரியும் என்று சொல்வேன். ஒரு வரியையும் விடாமல் படித்து முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

இப்படிக்கு,
அண்ணன் என்று தனம் ஒப்புக்கொள்ளாவிட்டாலும்
என்றைக்கும் உன் மச்சான்,
ஏழுமலை