ஏலே என்றால் குனி

தூத்துக்குடி,
22-6-1958

அன்புள்ள கோமதி,

நான் சுகம். நீ சுகமா என்று கேட்கமாட்டேன். சாரல் விழுகிற தென்காசியில், அம்மா கைச் சாப்பாட்டோடு இருப்பவளுக்கு என்ன குறை? உப்புக்காற்றில் நான்தான் கருவாடாகிறேன். ஆவணிக்குள் இங்கே வீடு கிடைத்துவிடும். உடனே வந்து சேர்.

கல்லூரியில் எனக்குப் ‘படகு மாஸ்டர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பதினான்கு பையன்களுக்குப் பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். படகைத் திருப்பும்போது பாயும் அதன் அடிக்கட்டையும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வீசும். எல்லாரும் தலை குனியவேண்டும். அதற்கு ‘லீ-ஓ’ என்று இங்கிலீஷில் கத்துவது வழக்கம். நான் கத்தினால், அது ‘ஏலே’ என்று கூப்பிடுவதுபோல் காதில் விழுந்து, “யார சார் ஏலேங்கிய?” என்று அத்தனை பேரும் நிமிர்ந்து பார்க்கிறான்கள்! சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது. கடைசியில், ‘ஏலே என்றால் குனி’ என்றே சட்டம் போட்டுவிட்டேன். இப்போது ஒருத்தனும் தப்புவதில்லை.

உன் தம்பி மாடக்கண்ணுவை இங்கே சேர்க்கச் சொல்லி மாமா எழுதியிருந்தார்கள். இடம் வாங்கிவிட்டேன். அவன் என் பொறுப்பு.

உன்,
மந்திரமூர்த்தி

தென்காசி,
31-7-1958

அன்புள்ள அத்தானுக்கு,

மூன்று கடிதத்துக்கு ஒரு பதிலா என்று கோபிக்காதீர்கள். சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழா பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்று தம்பி ஒற்றைக்காலில் நின்றான். நாளை மறுநாள் அனுப்புகிறோம். அம்மாவுக்குக் கடல் என்றாலே பயம். “ஐந்தருவியில குளிக்கவன கடல் என்னம்மா பண்ணும்? அத்தான் இருக்காவள்லா” என்று அவளைக் கேலி செய்கிறான்.

அப்பா, “அத்தான் சொல்லுதத தட்டாம கேக்கணும்லே” என்று நூறு தடவை சொல்லிவிட்டார். உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு அதைச் சொல்லவா வேண்டும்? வீட்டுக்கு ஒரே ஆண்பிள்ளை. பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முறுக்கு கொடுத்துவிடுகிறேன். வழியிலேயே தின்றுவிட்டானா என்று எழுதுங்கள்.

என்றும் உங்கள்,
கோமதி

தென்காசி,
9-9-1958

அத்தானுக்கு,

தம்பிக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. உடலோடு நீங்கள் வந்ததும், போனதும் எனக்கு நினைவில்லை.

கல்லூரியிலிருந்து அப்பாவுக்கு விசாரணை முடிவு வந்திருக்கிறது. பயிற்சியாளரின் கட்டளையை மீறி மாணவன் எழுந்து நின்றானாம். அதனால் கட்டை தலையில் அடித்துக் கடலில் விழுந்தானாம். அன்றிலிருந்து துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம், “சொன்ன பேச்சு கேக்காம செத்தான் எம் மவன்” என்கிறார் அப்பா. அழுவதுகூட இல்லை. அவன் பெயரைச் சொல்லவே வெட்கப்படுகிறார்.

அந்த ‘ஏலே’ சட்டத்தைப் பற்றி நீங்கள் ஜூன் மாதம் எழுதியதை நேற்று எடுத்துப் படித்தேன். அன்று அதைப் படித்து நான் மட்டும் சிரித்தேன். யாரிடமும் சொல்லவில்லை, தம்பியிடமும் சொல்லவில்லை. நீங்கள் அவனிடம் சொன்னீர்களா?

கோமதி

தூத்துக்குடி,
14-9-1958

கோமதி,

சொல்லவில்லை.

மற்றப் பையன்களுக்கு ஜூனிலேயே சொன்னேன். இவன் ஆறு வாரம் கழித்து வந்தான். வீட்டுப் பையன்தானே, சாப்பிடும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். சாப்பிடும்போதெல்லாம் தபசு, சாரல், நீ என்றே பேச்சுப் போயிற்று. அவனுக்குத் தெரியும் என்றே நினைக்கத் தொடங்கிவிட்டேன்.

அன்றுதான் அவன் முதல்முறை படகேறினான்; காற்று சட்டென்று மாறியது. “ஏலே!” என்று கத்தினேன். மற்ற நாலு பேரும் குனிந்தார்கள். அவன், “என்னத்தான்?” என்று எழுந்து என் முகத்தைப் பார்த்தான். கூப்பிட்டேன் என்று மரியாதைக்கு எழுந்தான், கோமதி. அவன் எதையும் மீறவில்லை.

விசாரணையில், அவன் மீறினான் என்று கல்லூரிக்காரர்கள் எழுதிக் கொடுத்த தாளில் கையெழுத்துப் போட்டேன். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும், ஜெயிலுக்கும் போகவேண்டிவரும் என்று பயந்தேன். மாமாவிடம் நானே நேரில் வந்து சொல்கிறேன். அதுவரை நீ சொல்லிவிடாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

மந்திரமூர்த்தி

தூத்துக்குடி,
26-6-1961

அன்புள்ள கோமதி,

எத்தனை கடிதம் போட்டேன் என்று எனக்கே தெரியாது. பம்பாய்ப் போட்டியில் எங்கள் கல்லூரிக்குக் கோப்பை கிடைத்தது. என்னைத் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கியிருக்கிறார்கள். மாலை போட்டார்கள். கழுத்து எரிந்தது. படகில் இப்போது ‘லீ-ஓ’தான். அந்தப் பழைய சொல்லை என் வாயால் சொல்ல முடிவதில்லை.

பொங்கலுக்குத் தென்காசி ஸ்டேஷன் வரை வந்தேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பினேன். ஆடியில் கட்டாயம் வந்து மாமாவிடம் சொல்லிவிடுகிறேன். அப்புறமாவது என்னோடு வருவாயா?

உன்,
மந்திரமூர்த்தி

தென்காசி,
11-7-1961

அத்தானுக்கு,

அப்பா போன வெள்ளிக்கிழமை காலமானார். உங்களுக்குத் தந்தி கொடுக்கவேண்டாம் என்றவள் நான்தான்.

கடைசிவரை நினைவு இருந்தது. மாடக்கண்ணு படத்தை எடுத்துக்கொண்டுபோய்க் காட்டினேன். “அந்தப் பயல ஏன் கொண்டாந்தே? சொல்பேச்சு கேக்காத பய” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீங்கள் உண்மையை எழுதிய கடிதம் அலமாரியில்தான் இருந்தது. எடுத்து வாசிக்க எனக்கு இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். வாசித்தால் உங்களை இந்த வாசலில் சேர்க்கமாட்டார், நம் வாழ்க்கை அதோடு முடிந்தது என்று பயந்தேன். மூன்று வருஷமும் அந்தப் பயம்தான். நீங்கள் வேலைக்குப் பயந்தீர்கள், நான் உங்களுக்காகப் பயந்தேன். செத்தவனுக்காகப் பேச ஆளில்லை.

நேற்று அம்மாவுக்கு அந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். கேட்டதும், “ஏட்டி, இத அவுக காதுல விழ ஏன் வாசிக்கல?” என்றாள். அதன்பின் அவள் என்னோடு பேசவில்லை.

ஆடியில் நீங்கள் வரவேண்டாம்.

கோமதியம்மாள்