சீர்த்தட்டில் எங்கள் ஸ்ட்ரைக்கர்

ஆவணி, வெள்ளிக்கிழமை.

இன்னும் நம்ப முடியவில்லை. எங்கள் கால்பந்து கிளப் முதலாளியின் மகளுக்கு இன்று நிச்சயதார்த்தம். சம்பந்தி, சரவணம்பட்டி கிளப்பின் முதலாளி. சீர்த்தட்டு ஒன்றில் வெற்றிலைமேல் ஒரு காகிதம். எங்கள் ஸ்ட்ரைக்கர் அந்தோணியைச் சம்பந்தி கிளப்புக்கே கொடுத்துவிடும் ஒப்பந்தம்! அவன் கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் காலி. கோச்சான என்னிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“ஏனுங்கண்ணா, ஞாயித்துக்கிழமை ஃபைனலே அவங்களோடதானுங்களே?” என்றேன்.

“சீருன்னா இருக்கறதுல நல்லதைத்தான் குடுக்கோணுமுங்க,” என்று சிரித்தார் முதலாளி. மண்டபமே கைதட்டியது.

பந்தியில் அந்தோணி எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தான். வால்பாறை எஸ்டேட்டிலிருந்து நான் கூட்டிவந்த பையன்.

“உள்ள எதுக்கு சார் எல்லாரும் கை தட்டுனீங்க?” என்று கேட்டான்.

ஆமாம், நானும் தட்டினேன்.